பழைய ஆலயத்தின் உட்புறத்தை மாற்றும் திட்டம் வரும்போது: பங்கு மக்களுக்கு ஒரு வழிகாட்டி

நூறாண்டு கடந்த கத்தோலிக்க ஆலயம் உள்ள எந்தப் பங்கிலும் (ஒரு பங்குத்தந்தையின் பொறுப்பிலுள்ள ஆலயச் சமூகத்திலும்), பீடத்தை முன்னே கொண்டுவருவது, பீடப் பகுதியை மக்கள் இடத்திலிருந்து பிரிக்கும் தாழ்ந்த தடுப்பான கிராதியை எடுப்பது, தேய்ந்த தரைக்கு மேல் கிரானைட் பதிப்பது, மரக்கூரையை மறைத்து ஜிப்சம் தளம் அடிப்பது என ஏதாவது ஒரு திட்டம் ஒருநாள் பங்குப் பேரவைக் கூட்டத்துக்கு வந்தே தீரும். யூபிலி ஆண்டு நெருங்குவதாலோ, புதிய பங்குத்தந்தை பொறுப்பேற்றதாலோ, வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர் ஒருவர் பெருந்தொகை தர முன்வந்ததாலோ பேச்சு தொடங்கும். அடுத்த கூட்டத்திலேயே ஒரு தரப்பு "வத்திக்கான் சங்கமே மாற்றச் சொல்லிவிட்டது" என்றும், மறுதரப்பு "எங்கள் பாட்டன் காலத்துப் பீடத்தில் கைவைக்காதே" என்றும் குரலை உயர்த்திவிடும். இந்த இரண்டு வாக்கியங்களாலும் எந்த முடிவையும் எட்ட முடியாது. இதே சண்டை அயர்லாந்து, பிரான்சு, ஜெர்மனி, அமெரிக்கா ஆகிய நாடுகளில் பல பத்தாண்டுகளாக நடந்து, சில இடங்களில் அரசுத் தீர்ப்பாயம் வரையும் உரோமையிலுள்ள திருச்சபைத் தலைமை வரையும் சென்றிருக்கிறது. அவற்றைப் படித்ததில் எனக்கு உறுதியாகத் தோன்றுவது இதுதான்: திட்டத்தை ஒட்டுமொத்தமாக ஏற்கவோ எதிர்க்கவோ செய்யாமல், அதைப் பிரித்துப் போட்டு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் காரணத்தைத் தனியாகக் கேட்பதே பலன் தரும் வழி. திட்டத்தை எதிர்ப்பவர்களுக்கும் அதை முன்வைக்கும் பங்குத்தந்தைக்கும் இந்த முறை ஒன்றுபோலவே உதவும்.

முதலில் ஆவணங்களைப் படியுங்கள்

சங்கத்தின் பெயரைச் சொல்பவர்களில் பெரும்பாலோர் சங்கத்தின் ஏட்டைப் புரட்டியதில்லை. உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாடு பற்றிய கொள்கைத் திரட்டை 1963 டிசம்பர் 4 அன்று வெளியிட்டது. அதில் பழைய பீடத்தை இடிக்க வேண்டும் என்றோ, குரு மக்களை நோக்கித்தான் நிற்க வேண்டும் என்றோ, கிராதியை அகற்ற வேண்டும் என்றோ ஒரு வரிகூட இல்லை. ஆலயங்கள் திருவழிபாட்டுக்கும் மக்களின் முழுப் பங்கேற்புக்கும் ஏற்றவையாக இருக்க வேண்டும் என்று அதன் 124-ஆம் எண் (பத்தி) சொல்கிறது. விலைமதிப்புள்ள கலைப்பொருள்கள் கைமாறாமலும் பாழாகாமலும் ஆயர்கள் காக்க வேண்டும் என்று 126-ஆம் எண் சொல்கிறது. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஒரு தரப்பு முதல் எண்ணையும் மறுதரப்பு இரண்டாம் எண்ணையும் மட்டும் மேற்கோள் காட்டுவது வழக்கமாகிவிட்டது.

பீடம் சுவரைவிட்டு விலகி, சுற்றிவர இயலுமாறும் மக்களை நோக்கித் திருப்பலி நிறைவேற்ற இயலுமாறும் அமைவது நல்லது என்பது 1964 செப்டம்பர் 26 அன்று வந்த செயல்முறை அறிவுறுத்தலில்தான் முதலில் இடம்பெற்றது. இன்று நடைமுறையில் உள்ள திருப்பலி நூலின் பொதுப் படிப்பினை, 299-ஆம் எண்ணில் அதையே கூறுகிறது. ஆனால் பழைய ஆலயங்களைப் பற்றித் தனியாகப் பேசுவது 303-ஆம் எண்தான். பழைய பீடம் மக்களின் பங்கேற்புக்கு இடையூறாக அமைந்திருந்து, அதன் கலைமதிப்புக்குக் கேடு விளைவிக்காமல் அதை நகர்த்தவும் முடியாது எனில், கலைநயத்தோடு செய்யப்பட்ட வேறொரு நிலையான பீடத்தை முறைப்படி அமைத்து, அதில் மட்டுமே வழிபாடு நடத்த வேண்டும். கவனம் புதிய பீடத்திலிருந்து சிதறாதபடி பழைய பீடத்துக்குத் தனி அலங்காரம் செய்யாமல் விட வேண்டும் என்று அது கூறுகிறது. கவனியுங்கள்: பழைய பீடம் அதே இடத்தில் நிற்கப் போகிறது என்ற எண்ணத்தில்தான் இந்த எண் எழுதப்பட்டிருக்கிறது. இடிக்கச் சொல்லும் விதி என்று இதைக் காட்டுபவர்கள் முதல் பாதியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பழைய பீடத்தில் பூமாலையும் மின்விளக்குத் தோரணமும் தொடர வேண்டும் என்பவர்களோ கடைசி வரியை மறந்துவிடுகிறார்கள்.

நற்கருணை அப்பத்தை வைத்திருக்கும் நற்கருணைப் பேழைக்கும் இதுவே நிலை. அதே படிப்பினையின் 315-ஆம் எண் இரண்டு இடங்களை அனுமதிக்கிறது: பீடத்தைச் சுற்றியுள்ள பகுதியான பீட முற்றத்தில், திருப்பலி நிறைவேற்றும் பீடத்தில் அல்லாமல் வேறிடத்தில், அல்லது மக்கள் தனியே செபிப்பதற்கேற்ற சிற்றாலயத்தில். முதல் இடத்தில், திருப்பலிக்குப் பயன்படாத பழைய பீடமும் அடங்கும் என்பதை அந்த எண் வெளிப்படையாகவே சொல்கிறது. கிராதியைப் பற்றி உலகளாவிய விதி எதுவும் அதை அகற்றச் சொல்லவில்லை. பீட முற்றம் ஆலயத்தின் மற்றப் பகுதியிலிருந்து உயரத்தாலோ தனி அமைப்பாலோ வேறுபட்டுத் தெரிய வேண்டும் என்று 295-ஆம் எண் கேட்கிறது. நல்ல கிராதி ஒன்று அந்த வேலையை ஏற்கெனவே செய்துகொண்டிருக்கலாம்.

பேரவைக் கூட்டத்துக்குக் கையில் எடுத்துச் செல்ல வேண்டிய இன்னொரு தாள், வத்திக்கானின் குருக்களுக்கான பேராயம் 1971 ஏப்ரல் 11 அன்று உலக ஆயர்களுக்கு அனுப்பிய சுற்றறிக்கை. சங்கம் முடிந்து ஆறாண்டுகூட ஆகவில்லை. அதற்குள், திருவழிபாட்டுச் சீர்திருத்தத்தைச் சாக்காக வைத்துப் பலர் ஆலயங்களில் முறையற்ற மாற்றங்களைச் செய்து கலைச்செல்வத்தைப் பாழாக்கிவிட்டார்கள் என்று உரோமையே அதில் வருந்தி எழுதியிருக்கிறது. பாதுகாப்பைப் பற்றிப் பேசுகிறவர்களை "சங்கத்துக்கு எதிரிகள்" என்று முத்திரை குத்தும் பழக்கத்துக்கு இந்த ஒரு தாளே போதிய மறுமொழி.

திட்டத்தைப் பிரித்துப் போடுங்கள்

புதுப்பிப்புத் திட்டம் எப்போதும் ஒரே மூட்டையாகத்தான் வரும். ஒழுகும் கூரையும், பழுதான மின்கம்பிகளும், புதிய பீடமும், பளபளக்கும் தரையும், கண்ணாடிக் கதவும் ஒரே மதிப்பீட்டில், ஒரே தொகையில் இருக்கும். கூரை ஒழுகுவதை யாரும் மறுக்க முடியாது என்பதால் மற்றவையும் அதன் முதுகில் ஏறி வந்துவிடும். ஆகவே முதல் வேலை மூட்டையை அவிழ்ப்பது. எது திருவழிபாட்டு விதியால் தேவைப்படுகிறது, எது கட்டடம் விழாமல் இருக்கத் தேவைப்படுகிறது, எது முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வசதிக்காகத் தேவைப்படுகிறது, எது வெறுமனே புதிதாகத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சேர்க்கப்பட்டிருக்கிறது என்று ஒவ்வொரு வரிக்கும் எதிரே எழுதச் சொல்லுங்கள். கடைசி வகையில் வருவதெல்லாம் தவறு என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதற்கு விதியின் பெயரைச் சூட்டக் கூடாது.

காரணம் கேட்கும்போது பொதுவான பதிலை ஏற்காதீர்கள். "மக்கள் பங்கேற்பு" என்ற சொல்லுக்குப் பின்னால் எதை வேண்டுமானாலும் ஒளித்துவைக்கலாம். எந்த இடத்தில் அமர்ந்தால் பீடம் தெரியவில்லை, வாசகம் எங்கே கேட்கவில்லை, நற்கருணை பெற வரும் வரிசை எங்கே நெரிகிறது என்று ஞாயிற்றுத் திருப்பலியில் நின்று பாருங்கள். பாதி இடங்களில் சிக்கல் ஒலிபெருக்கியை வைத்த முறையில் இருக்கும். அதற்காகப் பிரசங்க மேடையைப் பெயர்ப்பானேன்?

கோவ் பேராலயம் கற்பிப்பது

அயர்லாந்தின் கார்க் மாவட்டத்தில், டைட்டானிக் கப்பல் கடைசியாக நின்று சென்ற துறைமுக ஊரான கோவ் நகரில் புனித கோல்மன் பேராலயம் இருக்கிறது. எட்வர்ட் வெல்பி பியூஜின், ஜார்ஜ் ஆஷ்லின் ஆகியோரின் வடிவமைப்பில் 1868-ல் வேலை தொடங்கி, 1919-ல் நேர்ந்தளிக்கப்பட்ட கோதிக் மீட்டுருவாக்கக் கட்டடம் அது. மூன்று திருத்தந்தையருக்குச் செயலராக இருந்த ஜான் மகீ அந்த மறைமாவட்டத்தின் ஆயராக இருந்தபோது, பீட முற்றத்தை நடுக்கூடத்துக்குள் நீட்டி, கிராதியை அதன் இடத்திலிருந்து எடுத்து, மொசைக் தரையின் ஒரு பகுதியையும் பெயர்க்கும் திட்டம் முன்வைக்கப்பட்டது. 2005-ல் ஊர் மன்றம் நிபந்தனைகளோடு அனுமதி அளித்தது. பங்கு மக்களில் ஒரு குழுவினர் மேல்முறையீடு செய்தனர். நாட்டின் திட்டமிடல் மேல்முறையீட்டு வாரியம் 2006-ல் பொது விசாரணை நடத்தி, அதே ஆண்டு அனுமதியை மறுத்துவிட்டது.

இந்த வழக்கை நான் அதிகம் சுட்டிக்காட்டுவதற்குக் காரணம், அங்கே இருந்த சட்டம் திருச்சபைக்கு எதிரானதன்று என்பதுதான். அயர்லாந்தின் 2000-ஆம் ஆண்டுத் திட்டமிடல் சட்டம், பாதுகாக்கப்பட்ட வழிபாட்டிடங்களைப் பற்றி முடிவெடுக்கும்போது திருவழிபாட்டுத் தேவைகளை மதிக்க வேண்டும் என்று அதிகாரிகளுக்குக் கட்டளையிடுகிறது. அப்படியிருந்தும் வாரியம் மறுத்தது. அங்கே எதிர்த்தவர்கள் "பழையது அழகு" என்பதோடு நிற்கவில்லை. திருவழிபாட்டு ஆவணங்கள் இந்த அளவு மாற்றத்தைக் கட்டாயமாக்குகின்றனவா என்ற கேள்வியையே விசாரணையின் நடுவில் கொண்டுவந்து வைத்தார்கள். மதகுரு சொல்வதே விதி என்று அரசு அதிகாரியும், அரசு சொல்வதே பாரம்பரியம் என்று மதகுருவும் ஒதுங்கிவிட முடியாத நிலை அப்போது உருவானது.

தமிழ்நாட்டில் இத்தகைய வாரியம் கிடையாது. பெரும்பாலான பங்கு ஆலயங்கள் எந்தப் பாதுகாப்புப் பட்டியலிலும் இல்லை. கட்டடம் மறைமாவட்டச் சொத்து, முடிவு ஆயருடையது. எனவே கோவ் நகர் வழக்கில் வாரியம் கேட்ட கேள்விகளை இங்கே பங்குப் பேரவைதான் கேட்க வேண்டும். நம் ஊரில் கேட்க வேறு ஆள் இல்லை என்பதே உங்கள் பொறுப்பைக் கூட்டுகிறது.

கட்டடம் யாருடையது என்று பாருங்கள்

பாரிஸின் நோத்ருதாம் பேராலயம் 1905-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பிரெஞ்சு அரசின் சொத்து. திருச்சபைக்குப் பயன்படுத்தும் உரிமை மட்டுமே உண்டு. 2019 ஏப்ரல் 15 தீவிபத்துக்குப் பிறகு, 2024 டிசம்பரில் திறக்கப்பட்டபோது உள்ளே கியோம் பார்தே வடித்த வெண்கலப் பீடமும் வாசகமேடையும் திருமுழுக்குத் தொட்டியும் இருந்தன. 1989-ஆம் ஆண்டுப் பீடத்தை இடிந்து விழுந்த கூரை நொறுக்கிவிட்டதால், புதிய பீடம் வேண்டியதாயிற்று. முணுமுணுப்பு இருந்தாலும் அந்தச் சண்டை பெரிதாகவில்லை. பெரிதாக வெடித்தது வேறொன்று. தென்புறச் சிற்றாலயங்களில் 19-ஆம் நூற்றாண்டில் கட்டடக்கலைஞர் வியோலே-லெ-டுக் அமைத்த வண்ணக்கண்ணாடிச் சன்னல்களுக்குத் தீயால் எந்தச் சேதமும் நேரவில்லை. அவற்றில் ஆறை எடுத்துவிட்டுப் புதியவற்றை வைக்கப்போவதாக 2023 டிசம்பரில் குடியரசுத் தலைவர் மக்ரோன் அறிவித்தார். பேராயர் ஊல்ரிச்சின் விருப்பமும் அதுவே. 2024 ஜூலையில் நாட்டின் பாரம்பரிய, கட்டடக்கலை ஆணையம் ஒருமனதாக எதிர்த்து வாக்களித்தது. எதிர்ப்பு மனுவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டனர். ஆணையத்தின் கருத்து அறிவுரை மட்டுமே என்பதால், அவ்வாண்டு டிசம்பரில் கிளேர் தபுரே என்ற ஓவியரைத் தேர்ந்தெடுத்து அரசு முன்னேறியது.

ஒரே ஆலயத்தில் ஒரு புதுமை ஏற்கப்பட்டு இன்னொன்று எதிர்க்கப்பட்டதன் காரணம் எளியது. அழிந்துபோன ஒன்றின் இடத்தில் நம் காலத்துப் படைப்பை வைப்பது வேறு; நன்றாக இருக்கும் ஒன்றை எடுத்துவிட்டு வைப்பது வேறு. உங்கள் பங்கிலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, நீக்கப்படும் பொருள் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பதே. செல்லரித்துப் போன பலகைக்கும் இன்னும் இருநூறாண்டு தாங்கும் தேக்குப் பலகைக்கும் ஒரே தீர்ப்பு எழுதக் கூடாது.

தொடுமுன் பதிவு செய்யுங்கள்

கலை அல்லது பண்பாட்டு மதிப்புள்ள பொருள்களின் துல்லியமான பட்டியலைச் சொத்து நிர்வாகிகள் தயாரித்து வைத்திருக்க வேண்டும் என்பது திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1283-ஆம் எண். நடைமுறையில் பல பங்குகளில் பழைய பட்டியல் ஒன்று வெள்ளிப் பாத்திரங்களோடு முடிந்துவிடுகிறது. பீடமும் கதவும் தரையும் அதில் இருப்பதில்லை. இந்தப் பட்டியலை நீங்களே தொடங்கலாம். அதற்குப் பங்குத்தந்தையின் இசைவு வேண்டும், நிபுணர் வேண்டியதில்லை.

பீடத்தின் முன்பக்கத்தைப் படமெடுத்தால் போதாது. பின்னால் செல்லுங்கள். பழைய மரப் பீடங்களின் பின்புறம் வண்ணம் பூசப்படாமல் இருக்கும். தச்சர் உளியால் போட்ட அடையாள எண்களும், எந்தத் துண்டு எதோடு பொருந்தும் என்ற குறிகளும், சில வேளைகளில் ஆண்டும் உபயதாரர் பெயரும் அங்கேதான் இருக்கும். பீடத் துணியை விலக்கிப் பார்த்தால் நடுவில் பதித்த பீடக்கல்லும், அதில் சிலுவைக் குறிகளும், புனிதர் திருப்பண்டம் (புனிதரின் எலும்பு போன்ற எச்சம்) வைத்து மூடிய சிறு குழியும் தெரியலாம். கொத்தனார் சுத்தியலோடு வருவதற்கு முன்பே அந்தக் கல்லைப் பற்றிப் பங்குத்தந்தையிடம் பேசி, திருப்பண்டம் எங்கே செல்லும் என்பதை எழுத்தில் பெற வேண்டும். இடிபாடுகளோடு அது லாரியில் ஏறிவிட்டால் பிறகு தேடி எடுக்க வழியில்லை.

சுவரில், கண்ணில் படாத ஒரு மூலையில், கட்டைவிரல் அகலத்துக்குப் பூச்சை மெதுவாகச் சுரண்டிப் பாருங்கள். மேலே அண்மைக்கால எமல்ஷன், அடியில் எனாமல், அதற்கும் அடியில் நீலமோ மஞ்சளோ கலந்த சுண்ணாம்பு, கடைசியில் சங்குபோல் வழவழக்கும் பழைய சுண்ணாம்புக் காரை என அடுக்குகள் தெரிந்தால், அந்த ஆலயம் எந்தெந்தக் காலத்தில் எந்த நிறத்தில் இருந்தது என்ற வரலாறு கிடைத்துவிட்டது என்று பொருள். ஓவியம் தட்டுப்பட்டால் அங்கேயே நிறுத்திவிட்டு, பாதுகாப்புக் கட்டடக்கலை அறிந்தவரை அழையுங்கள். தரையில் கல்லறைக் கற்கள் இருந்தால் அவற்றின் எழுத்தைப் படியெடுங்கள். கிரானைட்டுக்கு அடியில் போன பிறகு அந்தப் பெயர்களைப் படிக்க யாராலும் முடியாது.

பொருள்களின் குணத்தை அறியுங்கள்

பீடத்தைப் பற்றிய சண்டையில் எல்லோரும் மூழ்கியிருக்கும்போது ஆலயத்துக்கு மிகப் பெரிய கேடு சிமெண்ட்டால் வந்துவிடும். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவர் ஈரத்தை உள்வாங்கி வெளியே விடும். கீழ்ப்பகுதியில் நான்கடி உயரத்துக்குக் காரையைக் கொத்திவிட்டு சிமெண்ட் பூசி டைல் ஒட்டினால், நிலத்திலிருந்து ஏறும் ஈரம் வெளியேற வழியில்லாமல் டைலுக்கு மேலே போய், அங்குள்ள பூச்சு பொரிந்து உதிரும். அடுத்த புதுப்பிப்பில் டைல் இன்னும் இரண்டடி உயரும். இது பல ஊர்களில் கண்ணால் காணக்கூடியது. மதிப்பீட்டில் "சுவர் பூச்சு" என்று மட்டும் இருந்தால், எந்தச் சாந்து என்று கேளுங்கள்.

காரையை முழுவதுமாக உரித்துக் கல்லைக் காட்டும் மோகமும் உண்டு. அயர்லாந்தின் கில்லார்னி பேராலயத்தில் 1970-களின் தொடக்கத்தில் உட்சுவர்க் காரை முழுவதும் உரிக்கப்பட்டது. கோவ் பேராலயத்தை வடிவமைத்த பியூஜினின் தந்தையான மூத்த பியூஜின் வடிவமைத்த அந்த உட்புறத்தில், பார்வைக்கு வைப்பதற்காக அடுக்கப்படாத கரட்டுக் கல்தான் இன்று தெரிகிறது. கோவாவின் போம் ஜேசு பசிலிக்காவில் 1950-களில் வெளிச்சுவரின் சுண்ணாம்புப் பூச்சை அகற்றிச் செம்பூராங்கல்லைத் திறந்துவிட்டார்கள். மழையில் அந்தக் கல் அரிப்பதால், மீண்டும் பூச வேண்டும் என்ற கோரிக்கை இன்றும் எழுகிறது. அதற்குள் செந்நிறக் கல்தான் "பழமையான தோற்றம்" என்று மக்கள் மனத்தில் பதிந்துவிட்டது. பழமையாகத் தெரிவதெல்லாம் பழமை அன்று என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

இதன் மறுபக்கம் ஷார்த்ர் பேராலயம். 2009 முதல் அங்கே உட்சுவர்களின் கரியை நீக்கி, 13-ஆம் நூற்றாண்டுப் பூச்சையும் அதன்மேல் தீட்டிய கல்வரிசைக் கோடுகளையும் வெளிக்கொணர்ந்தார்கள். கருமையான உட்புறத்தையே அறிந்து வளர்ந்தவர்களும் கலை விமர்சகர்கள் சிலரும் இதை அழிவு என்றே கண்டித்தார்கள். கறுப்பு மாதா என்று வணங்கப்பட்ட தூண் மாதா சுரூபம் வெளிறிய முகத்தோடு திரும்பியபோது கோபம் இன்னும் கூடியது. ஆய்வாளர் சரியாக இருக்கலாம். ஆயினும் தலைமுறை தலைமுறையாக ஒரு நிறத்தில் கண்டு வணங்கிய சுரூபத்தை, மக்களிடம் பேசாமல் மாற்றினால் வம்புதான் வரும். மக்களின் வணக்கத்துக்குரிய விலைமதிப்புள்ள சுரூபங்களை ஆயரின் எழுத்துமூல இசைவின்றிச் சீரமைக்கக் கூடாது என்றும், இசைவு தருமுன் அவர் வல்லுநரைக் கலந்துகொள்ள வேண்டும் என்றும் சட்ட எண் 1189 விதித்திருப்பது காரணமின்றி அன்று. நம் ஊரில் திருவிழாவுக்கு முந்தின வாரம் பெயிண்டரிடம் சுரூபத்தை ஒப்படைப்பவர்கள் இதை ஒருமுறை படிக்கலாம்.

காக்கக் கூடாததும் உண்டு

எதிர்ப்பவர்கள் தங்களையும் ஒருமுறை சோதித்துக்கொள்ள வேண்டும். திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் திருக்குடும்ப ஆலயம், இரண்டு நடுக்கூடங்கள் ஒரே பீடத்தில் வந்து சேருமாறு 19-ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்டது. சாதிகள் ஒருவரை ஒருவர் தொடாமல் ஒரே திருப்பலியைக் காண்பதற்கான ஏற்பாடு அது. 1910-ல் தடுப்பு அகற்றப்பட்டபோது, தங்களுக்குத் தனியிடம் மரபுரிமை என்று ஒரு சாதியார் வழக்குத் தொடுத்தனர். சென்னை உயர்நீதிமன்றம் அந்த உரிமையை ஏற்கவில்லை. கட்டடக்கலை நோக்கில் அரிய அமைப்புதான். அதற்காகத் தடுப்பைக் காத்திருக்க வேண்டும் என்று யார் சொல்வார்? உங்கள் ஆலயத்தின் ஒரு கிராதியோ தனி வாசலோ எதற்காக வைக்கப்பட்டது என்று மூத்தவர்களிடம் விசாரித்துவிட்டு, அதன் பிறகு அதைக் காக்கக் கொடி பிடியுங்கள்.

திரும்பப் பெறத்தக்க மாற்றத்தைக் கேளுங்கள்

பேச்சு முட்டுச்சந்தில் நிற்கும்போது நடைமுறையில் கைகொடுப்பது இந்த ஒரு கோரிக்கையே: செய்வதைப் பின்னால் வருபவர் பழுதின்றி நீக்க முடியுமாறு செய்யுங்கள். பழைய பீடத்தைத் தொடாமல் முன்னே புதிய பீடம்; பழைய தரையை உடைக்காமல் அதன்மேல் தனியாக நிற்கும் மேடை; சுவரைத் துளைக்காமல் தூண்களைச் சுற்றிக் கட்டிய விளக்குகள். கிராதியில் நடுப்பகுதியை மட்டும் கீல் வைத்துத் திறக்குமாறு செய்தால், வழியும் கிடைக்கும், வேலைப்பாடும் நிலைக்கும். புதிய பீடம் பிளைவுட்டில் செய்து துணி போர்த்தியதாக இருக்கக் கூடாது. முப்பது ஆண்டுக்குத் தற்காலிகப் பீடத்தை வைத்திருப்பதுதான் பிறகு பெரிய இடிப்புக்குச் சாக்காகிறது.

இன்றைய புதுமையும் நாளைய பாரம்பரியம் ஆகும் என்பதைப் பெர்லின் காட்டுகிறது. போரில் எரிந்த புனித ஹெட்விக் பேராலயத்தின் உட்புறத்தை, நடுவில் நிலவறைக்கு இறங்கும் அகன்ற திறப்போடு, கட்டடக்கலைஞர் ஹன்ஸ் ஷ்விப்பர்ட் 1963-ல் முற்றிலும் நவீனமாக அமைத்தார். அந்தத் திறப்பை மூடி மையத்தில் பீடம் வைக்கும் திட்டம் வந்தபோது, ஷ்விப்பர்ட்டின் நவீன அமைப்பைக் காக்கவே ஆதரவாளர்கள் போராடினார்கள், நீதிமன்றமும் சென்றார்கள், வெல்லவில்லை. 2018-ல் மூடிய ஆலயம் 2024 நவம்பரில் புதிய உருவில் திறந்தது. 1960-களில் கட்டிய கான்கிரீட் ஆலயம் உங்களுடையது என்றால், அதற்கும் இந்த வழிகாட்டி பொருந்தும்.

எதிர்ப்பைத் தெரிவிக்கும் முறை

தங்கள் கருத்தை மேய்ப்பர்களுக்குத் தெரிவிக்கும் உரிமையையும், சில வேளைகளில் கடமையையும், சட்ட எண் 212 இறைமக்களுக்குத் தருகிறது. அதை ஒலிபெருக்கியிலும் வாட்சாப் குழுவிலும் தொடங்காமல் கடிதத்தில் தொடங்குங்கள். பேரவையிலும் நிதிக்குழுவிலும் விவாதிக்கப்பட்டதா, மறைமாவட்டத் திருவழிபாட்டுக் குழு பார்த்ததா, சட்ட எண் 1216 கேட்பதுபோல் வல்லுநர் கருத்துப் பெறப்பட்டதா என்று மரியாதையோடு கேளுங்கள். வரைபடத்தைப் பார்க்கக் கேளுங்கள். கணினியில் வரைந்த வண்ணப் படம் அழகாகவே இருக்கும், எது இடிபடும் என்பதை அது காட்டாது.

பங்குத்தந்தையின் முடிவுக்கு எதிராக ஆயரிடம் செல்லலாம். ஆயரே ஆணை பிறப்பித்திருந்தால், அறிவிப்பு வந்த பத்து நாள்களுக்குள் அதை மாற்றுமாறு அவரிடமே எழுத்தில் கேட்க வேண்டும். அவர் மறுத்தாலோ, முப்பது நாள்களுக்குள் பதில் தராவிட்டாலோ, அடுத்த பதினைந்து நாள்களுக்குள் உரோமைக்கு முறையீடு செய்ய வேண்டும். இவை 1734 முதல் 1737 வரையுள்ள எண்கள். காலக்கெடு தவறினால் எவ்வளவு நல்ல வாதமும் செல்லாது. அங்கீகாரமற்ற குழுவின் பெயரில் எழுதாமல், ஒவ்வொருவரும் தம் பெயரில் கையொப்பமிடுங்கள். எதிர்பார்ப்பையும் அளவோடு வையுங்கள்: அமெரிக்காவின் மில்வாக்கி பேராலயத்தில் பங்கு மக்கள் சிலர் முறையிட்டு, 2001-ல் உரோமையே தலையிட்டுக் கேள்வி எழுப்பியது, ஆயினும் பேராயர் வீக்லண்ட் வேலையை முடித்து, 2002-ல் ஆலயத்தைத் திறந்தார்.

திட்டம் நிறைவேறிவிட்டால்

தோற்ற பிறகும் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. அகற்றும் ஒவ்வொரு துண்டுக்கும் எண் இட்டு, படமெடுத்து, கரையானும் மழையும் அண்டாத அறையில் வைக்கச் சொல்லுங்கள். மக்களின் பெருவணக்கத்துக்குரிய சுரூபங்களையும், கலை அல்லது வரலாற்று மதிப்புள்ள பொருள்களையும் உரோமையின் இசைவின்றிக் கைமாற்ற முடியாது என்று 1190, 1292 ஆகிய எண்கள் சொல்வதால், பழைய மரச்சாமான் வியாபாரி வாசலில் வந்து நிற்கும்போது எடுத்துக்காட்ட அந்தப் பக்கங்களை நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அயர்லாந்தின் கார்லோ பேராலயத்தில், 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் புரூஜ் நகரில் செதுக்கிய உயரமான கருவாலி மரப் பிரசங்க மேடை, 1990-களின் சீரமைப்பில் வெளியேற்றப்பட்டது. அது விறகாகாமல் இன்று மாவட்ட அருங்காட்சியகத்தில் முழுமையாக நிற்பதால், எப்போதாவது திரும்பிவர வழி இருக்கிறது. உங்கள் பங்கில் பிரித்தெடுத்த பீடத்தின் துண்டுகள் எந்த அறையில், யார் பொறுப்பில், எந்த எண்களோடு இருக்கின்றன என்பதைப் பங்கின் சொத்துப் பதிவேட்டில் எழுதி, பங்குத்தந்தையும் பேரவைச் செயலரும் கையொப்பமிட்டு, ஒரு படியை ஆயர் இல்லத்துக்கு அனுப்பிவிடுங்கள்.